நியூ நெதர்லாந்து கிளார்க் ஒருத்தரோட வாழ்க்கையைத் தேடுறது எப்படி

நியூ நெதர்லாந்துன்னா 1600கள்ல அமெரிக்காவுல, இப்ப நியூயார்க் இருக்கற பக்கம் இருந்த டச்சு காலனி. முதல்ல சர்ச் ரெஜிஸ்டர் பாருங்க, நியூ ஆம்ஸ்டர்டாம் (இப்ப நியூயார்க் நகரம்) டச்சு ரிஃபார்ம்டு சர்ச்ல 1639லேர்ந்து கல்யாணம், ஞானஸ்நானம் எல்லாம் பதிவாகியிருக்கு. யான்சன்னு பேர் இருந்தா அப்பா பேரு யான், அவ்வளவுதான், பையனுக்கு அது மாறிடலாம். அப்புறம் கோர்ட் மினிட்ஸ், நோட்டரி பத்திரம், எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், ஏன்னா பல இடத்துல எழுதினதே நம்மாளு கையாத்தான் இருக்கும், சாட்சியாவும் கையெழுத்து போட்டிருப்பார். கடன் கணக்கெல்லாம் கில்டர் (டச்சு காசு), பீவர் தோல், காசா புழங்கின சிப்பி மணின்னு கலந்து வரும், சிப்பி மணி மதிப்பு இறங்கிட்டே போச்சு, அதனால எதுல சொல்லியிருக்குன்னு பாக்காம கூட்டிடாதீங்க. 1664ல இங்கிலீஷ்காரங்க பிடிச்ச பிறகு டச்சு, இங்கிலீஷ்னு ரெண்டு காலண்டர், தேதி 10 நாள் இடிக்கும். இந்தப் பதிவுகள் நிறைய இருந்த நியூயார்க் ஸ்டேட் லைப்ரரி, ஆல்பனியில, 1911 தீ விபத்துல எரிஞ்சு நிறைய கருகிப்போச்சு, நெனச்சாலே வருத்தமா இருக்கு, ஓரம் எரிஞ்ச பக்கத்தோட ஸ்கேனையும் பொறுமையா படிங்க.