வென்டிலேட்டரில் நெடுநாள் இருப்பவருக்கு மூச்சுத் தசைப் பயிற்சி: ஆறு மூச்சு, அப்புறம் ஓய்வு

வென்டிலேட்டரைக் கழற்றி டி-பீஸில் (ஆக்சிஜன் மட்டும் தரும் டி வடிவக் குழாய், மூச்சை அவரே இழுக்க வேண்டும்) போடு, மூச்சு வாங்கும்வரை விடு, வாங்கினால் திரும்ப மாட்டு. நம் ஊர் ஐசியுக்கள் பலவற்றில் மூச்சுப் பயிற்சி என்ற பெயரில் நடப்பது இதுதான். வேர்த்துக் கொட்டிப் போராடியவருக்கு மறுநாள் நாம் கட்டில் பக்கம் போனாலே பயம் வந்துவிடுகிறது. டி-பீஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பார் என்று பார்ப்பதற்கு. தசையில் பலம் ஏற வேண்டுமானால் சுமை கனமாக இருக்க வேண்டும், தடவை குறைவாக இருக்க வேண்டும், நடுவே முழு ஓய்வு வேண்டும். தொடைத் தசைக்கு இதைச் செய்கிற நாம் மூச்சிழுக்கும் முக்கியத் தசையான உதரவிதானத்துக்கு மட்டும் ஏனோ மறந்துவிடுகிறோம்.

மதுரைப் பக்கம் ஒரு ஐசியுவில் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறேன். புதிதாக டியூட்டிக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நோயாளியின் வீட்டாரும் படிக்கலாம், ஆனால் டாக்டர் உத்தரவில்லாமல் யாரும் கை வைக்கக் கூடாது.

உதரவிதானம் கரைகிற வேகம் பலருக்குத் தெரிவதில்லை. மூளைச்சாவு அடைந்து, 18 முதல் 69 மணி நேரம்வரை வென்டிலேட்டரே மூச்சு முழுவதையும் கொடுத்த உறுப்புக் கொடையாளர்களின் தசையை எடுத்துப் பார்த்த ஆய்வு 2008-ல் வந்தது. இழைகளின் பருமன் பாதிக்கும் கீழே போயிருந்தது. மூன்று நாளுக்குள்ளேயே இப்படியென்றால், மாதக் கணக்கில் கிடப்பவரின் நிலையை யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பிக்கும் முன் ஆளைப் பாருங்கள். கண் விழித்து, சொன்னதைச் செய்ய வேண்டும். பீப் (மூச்சை விட்ட பிறகும் நுரையீரலில் வென்டிலேட்டர் நிறுத்திவைக்கும் அழுத்தம்) 10-க்குள், வென்டிலேட்டர் கொடுக்கும் ஆக்சிஜன் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ரத்த அழுத்தம் விழாமல் காக்கும் மருந்தை ஏற்றிக்கொண்டே போகிறார்கள் என்றால் இன்று வேண்டாம். நுரையீரலைச் சுற்றிக் காற்று கோத்திருந்தால், விலா நொறுங்கியிருந்தால், சளியில் ரத்தம் வந்தால் கண்டிப்பாகக் கூடாது. பூச்சிமருந்து குடித்து வந்தவர்களைத் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். தூக்க முடியாதவருக்கு நரம்பும் தசையும் சேரும் இடமே இன்னும் தேறவில்லை என்று அர்த்தம், காத்திருக்க வேண்டியதுதான். ஜிபிஎஸ் (கில்லன்-பாரே), மயஸ்தீனியா மாதிரி நரம்பு, தசை பலவீன நோய்களில் நியூராலஜிஸ்ட்டைக் கேட்காமல் தொடாதீர்கள்.

அடுத்து அளவு. உள்ளிழுக்கும் பலம் எவ்வளவு என்று தெரியாமல் சுமை வைக்க முடியாது. பல வென்டிலேட்டர்களில் இதற்கென்றே என்ஐஎஃப் என்று ஒரு பட்டன் இருக்கிறது. இல்லாவிட்டால் மூச்சை வெளியே மட்டும் விடும் ஒருவழி வால்வையும் அழுத்தம் அளக்கும் மானோமீட்டரையும் டிரக்கியாஸ்டமியில் (கழுத்தில் போட்ட மூச்சுக் குழாய்) மாட்டி, 20 முதல் 25 விநாடி பார்த்து, அதில் வந்த பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். தூக்க மருந்து தெளியாதவரை அளந்தால் வரும் எண் பொய். 30 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்துக்குக் கீழே வந்தால் ரொம்பப் பலவீனம்.

பயிற்சிக்கான கருவி சின்னதுதான். உள்ளே ஸ்பிரிங் வைத்த ஒரு வால்வு, நாம் வைத்த அழுத்தத்தை எட்டி இழுத்தால்தான் திறக்கும். சாதாரணமாகக் கிடைப்பதில் 9 முதல் 41 வரை வைக்கலாம். அளந்த பலத்தில் பாதியை வையுங்கள்: 24 வந்தால் 12.

காலை நேரம் நல்லது. ராத்திரி தூங்கி எழுந்திருப்பார், ஸ்பாஞ்ச் பாத்தும் டிரெஸ்ஸிங்கும் இன்னும் ஆரம்பித்திருக்காது. டியூப் ஃபீட் கொடுத்த கையோடு செய்யாதீர்கள். தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்துங்கள். கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டவர் மட்டும் விதிவிலக்கு, அவருக்கு மட்டமாகப் படுத்தால்தான் உதரவிதானம் நன்றாக வேலை செய்யும். சக்‌ஷன் போட்டுச் சளியை எடுங்கள். கஃப்பில் (மூச்சுக் குழாயைச் சுற்றி ஊதியிருக்கும் பலூன்) காற்று சரியாக இருக்கிறதா பாருங்கள். கஃப் தளர்ந்திருந்தால் காற்று பக்கவாட்டில் புகுந்துவிடும், வால்வுக்கு வேலையே இருக்காது. குழாயில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டுக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் நேராக நுரையீரலுக்குள் இறங்கும். அலாரம் அலறும் என்று வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேதீட்டர் மவுன்ட்டில் (கழுத்துக் குழாயோடு சேரும் சின்ன வளையும் குழாய்) கருவியை மாட்டி, ஒரு கையை மேல்வயிற்றில் வைத்துக்கொண்டு நான் சொல்வது இவ்வளவுதான்: “ஐயா, நல்லா வெளிய விடுங்க. இப்ப சட்டுனு இழுங்க, இழுங்க, இழுங்க… போதும், விடுங்க.” திறந்தால் காற்று புகும் சத்தம் காதில் விழும். சத்தம் வரவில்லை என்றால் சுமை அதிகம், அல்லது அவர் இழுக்கவில்லை. கையின் கீழ் வயிறு எழும்ப வேண்டும். இழுக்கும்போது வயிறு உள்ளே போய், கழுத்து நரம்பு புடைத்தால் நிறுத்திவிட்டுச் சுமையைக் குறையுங்கள். ஆறு மூச்சு ஆனதும் பழைய செட்டிங்கிலேயே வென்டிலேட்டரை மாட்டுங்கள். மூச்சிரைப்பு தணியும்வரை ஓய்வு, ஒரு நிமிடமோ இரண்டோ. இப்படி ஐந்து செட், தினம் ஒரு தடவை. முடிந்ததும் அலாரத்தைச் சரிபார்க்காமல் கட்டிலை விட்டு நகராதீர்கள்.

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், மூச்சு நிமிடத்துக்கு 35-ஐத் தாண்டினால், நெற்றி வேர்த்தால் அன்றைக்கு அதோடு போதும்.

ஒவ்வொரு செட்டுக்குப் பிறகும் பத்துக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று விரலில் காட்டச் சொல்லுங்கள். ஆறு முதல் எட்டுவரை சரி. அதற்குக் கீழே என்றால் மறுநாள் சுமையை ஒன்றோ இரண்டோ ஏற்றலாம். நிமோனியாவில் வந்த ஒரு பெரியவர் எப்போதும் ஐந்து விரலையே விரிப்பார். டீக்கடை வைத்திருப்பவர், யாரையும் சிரமப்படுத்தக் கூடாது என்று நினைக்கிற ஆள். “மரியாதைக்குச் சொல்லாதீங்க ஐயா” என்றதும் சிரித்துவிட்டு மறு கையையும் எடுத்து நான்கு விரலைச் சேர்த்தார். அன்று சுமையைக் குறைத்தோம். விரலை மட்டும் நம்பாதீர்கள், முகத்தையும் பாருங்கள்.

இதற்கு ஆதாரம் கேட்கும் டாக்டர்களுக்கு: ஃபுளோரிடா பல்கலைக்கழகக் குழு 2011-ல் வெளியிட்ட ஆய்வில், வென்டிலேட்டரிலிருந்து விடுபட முடியாமல் இருந்த 69 பேர் இருந்தார்கள். பயிற்சி பெற்றவர்களில் 71 சதவீதம் பேர் விடுபட்டார்கள், பெயருக்குப் பயிற்சி பெற்றவர்களில் 47 சதவீதம். எல்லோருக்கும் பலிக்கும் என்று இதற்கு அர்த்தமில்லை. சோறு போதாமல், பாஸ்பரஸும் மெக்னீசியமும் குறைந்து கிடப்பவரிடம் எந்தக் கருவியும் எடுபடாது. முதலில் டயட்டீஷியனைக் கூப்பிடுங்கள்.

வீட்டார் ஆசையாக மெடிக்கலில் மூன்று பந்து ஸ்பைரோமீட்டர் வாங்கி வருவார்கள். 600, 900, 1200 என்று எண் போட்டிருக்கும். கழுத்தில் குழாய் இருப்பவருக்கு அதில் பலனில்லை, அவர் மூச்சு வாய் வழியாக வருவதே இல்லை. குழாயை எடுத்த பிறகும் அது நுரையீரலை விரிக்கத்தான் உதவும், தசைக்குச் சுமை தராது. பலூன் ஊதுவதோ வெளியே விடும் தசைகளுக்கான வேலை. பணத்தை வீணாக்காமல் அவருடைய கண்ணாடியையும் காது மெஷினையும் கொண்டுவாருங்கள். நாம் சொல்வது காதில் விழுந்தால்தானே இழுப்பார்? ராத்திரி விளக்கை அணைக்கச் சொல்லி சிஸ்டரிடம் கெஞ்சுங்கள். தூக்கம் கெட்டவர் காலையில் பாதிகூட இழுக்க மாட்டார்.

வென்டிலேட்டர் போனதும் கருவியைப் பெட்டியில் போட்டு மூடாதீர்கள். ஏழு நாளோ அதற்கு மேலோ வென்டிலேட்டரில் இருந்து விடுபட்டவர்களுக்கு இரண்டு வாரம் பயிற்சி கொடுத்த கான்பெரா ஆய்வு 2016-ல் வந்தது. மூச்சுத் தசையின் பலமும் வாழ்க்கைத் தரமும் கூடின. களைப்பைத் தாங்கும் திறனில் மட்டும் வித்தியாசம் தெரியவில்லை.

கடைசியாக சார்ட். “செஸ்ட் பிசியோ கொடுக்கப்பட்டது” என்று எழுதினால் ஞாயிற்றுக்கிழமை டியூட்டிக்கு வரும் பிள்ளை என்ன செய்யும்? இப்படி எழுதுங்கள்: சுமை 14, ஐந்து செட், ஆறு மூச்சு, கஷ்டம் 7, ஐந்தாவது செட் முடிவில் லேசாக வேர்த்தது, நாளைக்கும் 14.