பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் வரி உண்டு

கோவையிலும் சென்னையிலும் இருப்பவர்களின் குன்னூர் வீட்டுச் சாவிகள் சில என்னிடம் இருக்கின்றன. மழைக்கு முன் ஓடு பார்ப்பது, தோட்டத்தில் களை எடுப்பது, கூடவே சொத்து வரி கட்டுவதும் என் வேலை. "அக்கா, கதவில் வரி பாக்கி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்களாமே!" என்று யாராவது பதறி அழைப்பது வழக்கம். பதற வேண்டாம்; அவசரப்பட்டுப் பணத்தையும் அனுப்ப வேண்டாம்.

யாருக்குக் கட்ட வேண்டும் என்பதை முதலில் பாருங்கள். முகவரியில் குன்னூர் என்று இருந்தாலே நகராட்சி ஆகிவிடாது. ராணுவக் குடியிருப்புப் பகுதியான வெலிங்டன் கன்டோன்மென்ட் எல்லைக்குள் இருந்தால் கன்டோன்மென்ட் வாரியம். ஜெகதளா என்றால் பேரூராட்சி. உபதலை, எடப்பள்ளி என்றால் ஊராட்சி. பழைய ரசீதின் தலைப்பே சொல்லிவிடும். ஊராட்சியில் வீட்டு வரி ஆண்டுக்கு ஒரு முறை. நகராட்சியிலும் பேரூராட்சியிலும் சொத்து வரி அரையாண்டுக் கணக்கு: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை.

அடுத்து, வரி விதிப்பு எண்ணை, அதாவது வரிக் கணக்கில் உங்கள் வீட்டுக்குரிய எண்ணை, கொடுத்து நிலுவையை அரையாண்டு வாரியாகக் கேளுங்கள். மொத்தத் தொகையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வருவதில் எனக்குச் சம்மதமில்லை. நகராட்சியில் தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் தனிவட்டி. அரையாண்டு வரி 1,200 ரூபாய் என்றால் ஓர் ஆண்டுத் தாமதத்துக்கு 144 ரூபாய். தாளில் போட்டுப் பார்த்தால் கணக்கு சரியா என்று தெரிந்துவிடும். குடிநீர்க் கட்டணம் தனி, அதற்கு எண்ணும் தனி. சொத்து வரியைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்குக் குழாய் இணைப்பைத் துண்டிக்கும் நோட்டீஸ் வருவது இதனால்தான்.

கட்டிய அரையாண்டே மறுபடி நிலுவையில் தெரிந்தால் வாக்குவாதம் வேண்டாம். ரசீதின் நகலோடு ஆணையருக்கு மனு எழுதுங்கள். மனுவில் வரி விதிப்பு எண், ரசீது எண், தேதி மூன்றும் இருக்கட்டும். உங்கள் பிரதியில் 'பெறப்பட்டது' முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். அசல் ரசீதை யாரிடமும் கொடுக்கக் கூடாது. அதை இந்த ஊர்ப் பீரோவில் வைத்தால் ஆடி மாத ஈரத்தில் பூஞ்சை பிடித்து, எழுத்தே மங்கிவிடும். படம் எடுத்து வையுங்கள்.

மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் பழைய அரையாண்டிலிருந்து தொடங்குங்கள். மீதியை எப்போது கட்டுவீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள், நல்லபடியாகப் பேசிய அலுவலர் மாற்றலாகிப் போய்விடுவார். நோட்டீஸைக் கண்டுகொள்ளாமல் விட்டால் ஜப்தி வரை போக இடமுண்டு.

வரி கட்டச் சொல்லி வரும் கேட்பு அறிவிப்பு காலமான அப்பாவின் பெயரில் வந்தாலும் அந்த எண்ணிலேயே கட்டுங்கள். பெயர் மாற்றத்துக்கு வரி நிலுவை இல்லாமல் இருக்க வேண்டும். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் அப்போது தேவைப்படும். அண்ணன் தம்பிகள் பேசி முடிக்கட்டும் என்று வரியை நிறுத்திவைப்பதால் வட்டி நிற்காது.

நிலுவை தீர்ந்தபின், அரையாண்டு தொடங்கிய 30 நாட்களுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். ஏப்ரலில் நீலகிரிக்குள் வண்டி நுழைவதற்கான இ-பாஸ் எடுத்து, மேட்டுப்பாளையத்திலிருந்து சுற்றுலா வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்து கவுண்டரில் நிற்க வேண்டியதில்லை. இணையத்திலேயே கட்டி, ரசீதை எனக்கு அனுப்புங்கள். வரி வசூலிக்கும் பில் கலெக்டர் வரும்போது அதை நான் காட்டிவிடுகிறேன்.