லாரிப் பட்டையில் அரிவாள்: எந்தச் சூட்டில் அடிப்பது, எங்கே நிறுத்துவது

புளியரை தாண்டி ரப்பர் தோட்டத்துக்குப் போகும் வாக்கத்தியோ, செங்கோட்டைப் பக்கத்து வெட்டரிவாளோ, பெரும்பாலும் பழைய லாரிப் பட்டையில், அதாவது பாரம் தாங்கும் வில்தகட்டில்தான் பிறக்கிறது. அது சாதா இரும்பல்ல. பல பட்டைகளில் கார்பன் 0.5 சதவீதத்துக்கு மேல், சிலிக்கான் 1.5 முதல் 2 சதவீதம். சூடு தப்பினால் பலமும் போய்விடும்.

1. முதலில் விரிசல் பாருங்கள். மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சுண்ணாம்புப் பொடி தூவினால் விரிசல் ஈரக்கோடாகத் தெரியும். நடுத்துளைப் பகுதி வேண்டவே வேண்டாம்.

2. மங்கிய சிவப்புவரை மெதுவாகவும், பிறகு ஆரஞ்சுவரை (1000–1050 டிகிரி செல்சியஸ்) வேகமாகவும் காய்ச்சுங்கள். உலை நிழலில் இருக்கட்டும். சாரல் மூட்டத்தில் ஆரஞ்சாகத் தெரியும் அதே சூடு பங்குனி வெயிலில் மங்கலாகத் தெரியும். புதியவர்கள் பட்டையைக் கருக்குவது இப்படித்தான். வெள்ளை நிறம் ஏறிப் பொறி பறந்தால் அந்தத் துண்டை வெட்டி எறியுங்கள். எஃகின் மணிகளுக்கு (நுண்படிகங்களுக்கு) இடையிலான எல்லைகள் எரிந்துவிட்டன, எந்தப் பதமும் மீட்காது.

3. கனத்த அடியெல்லாம் ஆரஞ்சில்தான். அப்போது நசுங்கிய மணிகள் உடனே புதிதாகப் பிறக்கும், எஃகு இளகிக் கொடுக்கும். 850-க்குக் கீழே இறங்கினால் நிறுத்திவிட்டு மறுபடி காய்ச்சுங்கள். இல்லையேல் ஓரம் பிளக்கும். நிறமே தெரியாத 200–350 டிகிரிதான் பெரிய கண்ணி. 'ஆறிடுச்சே' என்று வளைவு நிமிர்த்தப் போவார்கள், எஃகு அந்தச் சூட்டில் நொறுங்கும்.

கடைசிக் காய்ச்சலுக்கு 900 போதும். 1050 ஏற்றிவிட்டு நாலு தட்டோடு விட்டால், சூட்டில் பெருத்த மணிகளைச் சம்மட்டி உடைக்காமலே ஆறும். நுண்ணிய மணிதான் பலம்.

4. மணியை நுண்ணியதாக்க, காந்தம் ஒட்டாத சூட்டுக்கு (சுமார் 770) மேலே, 870 வரை காய்ச்சிக் காற்றில் ஆறவிடுங்கள். மூன்று முறை.

5. அதே சூட்டுக்கு மறுபடி காய்ச்சி, தோய்ச்சல் 50–60 டிகிரி எண்ணெயில். தண்ணீரில் விட்டால் வெடிக்கும். பிறகு வாயைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பழுப்பும் ஊதாவும் சேரும் நிறம் (260–280) வரும்வரை உலைச் சூட்டில் காட்டுங்கள்.

விரல் நீளத் துண்டொன்றை ஒவ்வொரு காய்ச்சலிலும் அரிவாளோடு சேர்த்துப் போட்டு, தோய்த்ததும் உடைத்துப் பாருங்கள். உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் பட்டுப்போல இருந்தால் சரி. சர்க்கரைப் பரலாக மின்னினால் சூடு மீறியிருக்கிறது. நாலாம் படிக்கே திரும்புங்கள்.