எல் கலாஃபாத்தே: பனியாறு பார்க்கப் போகிறவர்கள் காசைத் தொலைக்கும் இடங்கள்

தென் அமெரிக்காவின் தென்கோடியில் இருக்கிற படகோனியாவுக்கு ஜனவரியில் போகிறவர்கள் ஆகஸ்ட் மாதமே எக்செல் ஷீட்டோடு வந்துவிடுவார்கள். "ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க, எல்லாம் புக் பண்ணியாச்சு" என்று. புக் பண்ணியபின் நான் பார்த்து என்ன சொல்வது? திறந்து பார்த்தால், பயணத் திட்டம் போட்டுக்கொடுக்கும் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நான் போட்ட திட்டங்களில் இருந்த அதே ஓட்டைகள். ஜாக்கெட் எடு, சன்ஸ்கிரீன் பூசு என்பதையெல்லாம் சொல்லப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

பெரிட்டோ மொரேனோ என்று தேடி அறை போடுவது

அது பனியாற்றின் பெயர். அது இருக்கிற அர்ஜென்டினாவின் சான்டா குரூஸ் மாகாணத்திலேயே அதே பெயரில் ஓர் ஊரும் இருக்கிறது, நெடுஞ்சாலை 40-இல் வடக்கே 600 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி. போதாக்குறைக்கு அதே பெயரில் ஒரு தேசியப் பூங்காவும் தனியாக உண்டு. நீங்கள் பார்க்க வேண்டிய பனியாறு இருப்பது லோஸ் கிளாசியாரெஸ் தேசியப் பூங்காவில். தங்க வேண்டிய ஊர் எல் கலாஃபாத்தே.

'ஏரி பார்த்த அறை'க்குக் கூடுதல் வாடகை

ஊர் அர்ஜென்டினோ ஏரியின் தென்கரையில் இருக்கிறது. ஏரி அழகுதான், பனியாறு அரைத்துக் கொண்டுவந்த பாறை மாவு கலந்து பால் விட்ட நீலமாகத் தெரியும். ஆனால் ஜன்னலைத் திறந்தால் பனியாறு தெரியாது. அது சுமார் 80 கி.மீ. தள்ளி, ஒன்றரை மணி நேரப் பஸ் பயணம். ஏரிக்கரையை இலவசமாகவே பார்க்கலாம். ஊரை ஒட்டிய நீமெஸ் காயலுக்குச் சிறு கட்டணம் கட்டினால் பூநாரைகளையும் பக்கத்தில் பார்க்கலாம். ஊரின் பிரதான சாலைக்கு நடந்து போகிற தூரத்தில் அறை எடுங்கள், போதும்.

குடை

வேண்டாம். ஜனவரியில் அங்கே கோடை, அந்தக் கோடைக் காற்றுக்கு இரண்டு நிமிடம் தாங்காது.

எல் சால்ட்டேனை ஒரே நாளில் 'கவர்' செய்வது

எல் சால்ட்டேன், ஃபிட்ஸ் ராய் மலைக்கு நடந்து போகிறவர்கள் தங்குகிற ஊர். இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல் தருவது. எத்தனை பேரிடம் சொன்னாலும் அடுத்த எக்செல் ஷீட்டில் மறுபடி முளைத்துவிடுகிறது: "நாள் 4 - சால்ட்டேன், ஃபிட்ஸ் ராய் மலை, இரவு கலாஃபாத்தே திரும்புதல்".

கணக்கைப் பார்ப்போம். கலாஃபாத்தேயிலிருந்து சால்ட்டேன் சுமார் 215 கி.மீ. பஸ்ஸில் மூன்று மணி நேரம். காலை 8 மணி வாக்கில் ஏறினால் 11 மணிக்கு இறங்குவீர்கள். திரும்புகிற பஸ் மாலை 6 மணி வாக்கில். கையில் ஏழு மணி நேரம். ஃபிட்ஸ் ராய் சிகரத்தின் காலடியில் இருக்கிற லகூனா தெ லோஸ் த்ரெஸ் ஏரிக்கு ஒரு வழி ஏறத்தாழ 10 கி.மீ. கடைசி ஒரு கிலோமீட்டரில் மட்டும் 400 மீட்டர் செங்குத்தாக ஏற வேண்டும், அதுவும் உருளைக் கற்கள் மேல். போய்வர எட்டிலிருந்து பத்து மணி நேரம். ஏழுக்குள் எட்டு எப்படி அடங்கும்?

பெங்களூரிலிருந்து நான்கு பேர், நல்ல பிள்ளைகள்தான், கலாஃபாத்தேயில் ஆறு இரவுக்கும் பணம் கட்டிவிட்டு வந்தார்கள். ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது. "ஏம்பா, ஆறில் பாதி இரவு சால்ட்டேன்ல தங்குங்களேன்" என்றேன். "ஒரே இடம்னா பெட்டி தூக்க வேண்டாம்ணா" என்று பதில் வந்தது. போனார்கள். முதல் நாள் மலையே தெரியவில்லை, முழுக்க மேகம். பாதி வழியில் இருக்கிற காப்ரி ஏரி வரை போய், கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஓடித் திரும்பினார்கள். மறுநாள் பனியாற்றுக்குப் போனார்கள், அன்று பார்த்து வானம் பளிச்சென்று இருந்தது. விடுவார்களா? அதற்கடுத்த நாள் வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மறுபடி அதே மூன்று மணி நேரம். மதியம் 12-க்கு ஏற ஆரம்பித்து, மேலே போய், இறங்கும்போது இருட்டப் போகிறது, கால் ஒத்துழைக்கவில்லை, ஓட்டத் தெரிந்த ஒரே ஆளுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. சீசன் நேரத்தில் கிடைத்த அறைக்குக் கேட்ட விலையைக் கொடுத்துத் தங்கினார்கள். அந்த இரவு கலாஃபாத்தேயில் இரண்டு அறைகள், காசு கட்டிய அறைகள், காலியாகக் கிடந்தன.

சால்ட்டேன் பழைய ஊர் அல்ல. சிலியோடு எல்லைத் தகராறு இருந்த நேரத்தில், இடத்தைத் தன்வசம் வைத்துக்கொள்ள அர்ஜென்டினா 1985-இல் உண்டாக்கிய குடியிருப்பு. இன்றும் சின்ன ஊர்தான். ஜனவரி, பிப்ரவரியில் கடைசி நேரத்தில் அறை தேடினால் அவர்கள் கேட்கிற விலைதான்.

இன்னொன்று. ஃபிட்ஸ் ராய் செக்கச்சிவந்து நிற்கிற படங்களைப் பார்த்துத்தானே கிளம்புகிறீர்கள்? அது சூரியன் உதிக்கும்போது சில நிமிடம் மட்டும் நடக்கிற விஷயம். டிசம்பரில் விடிவது காலை ஆறுக்குள். உங்கள் பஸ் வருவது பதினொன்றுக்கு.

செய்ய வேண்டியது இது. கலாஃபாத்தே விமான நிலையம் ஊருக்குக் கிழக்கே 20 கி.மீ. தள்ளி, சால்ட்டேன் போகிற பாதையிலேயே இருக்கிறது. பல பஸ்கள் அங்கே நின்று ஆள் ஏற்றும். இறங்கிய கையோடு நேரே சால்ட்டேன் போய் மூன்று இரவு தங்குங்கள். மூன்றில் ஒரு நாளாவது மேகம் விலக வாய்ப்பு உண்டு. கலாஃபாத்தேயைப் பின்னால் வையுங்கள், ஏனென்றால் பனியாற்றுக்கு வெயில் தேவையில்லை. மேகமூட்டத்தில்தான் அதன் நீலம் இன்னும் ஆழமாகத் தெரியும்.

பனியாற்றுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குவது

முகப்பு மட்டுமே சுமார் 5 கி.மீ. அகலம், தண்ணீருக்கு மேலே 60, 70 மீட்டர் உயரம். எதிரே மலைச்சரிவில் நடைபாதைகளும் பால்கனிகளும் கட்டியிருக்கிறார்கள். ஆட்கள் செய்வது என்ன? ஒவ்வொரு பால்கனியிலும் ஐந்து நிமிடம், செல்ஃபி, அடுத்தது. இடி மாதிரி சத்தம் கேட்டதும் திரும்புவார்கள், அப்போது அங்கே வெறும் அலைதான் இருக்கும். சத்தம் கேட்டுத் திரும்புவதற்குள் பனி விழுந்து முடிந்துவிடுகிறது. கீழ்ப் பால்கனி ஒன்றைப் பிடித்து உட்காருங்கள். முதலில் மேலிருந்து பொடிப்பொடியாகச் சில்லுகள் உதிரும், சின்னதாக ஒரு விரிசல் சத்தம். அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், பத்து மாடிக் கட்டடம் அளவு துண்டு சாய்வது கண்ணில் படும். மதியத்துக்குமேல் பொறுமையாக இருக்கிறவர்களுக்குக் கிடைக்கும்.

தடுப்பைத் தாண்டி இறங்காதீர்கள். 1968-க்கும் 1988-க்கும் இடையில் தெறித்த பனித்துண்டுகள் பட்டு 32 பேர் இறந்திருக்கிறார்கள்.

அப்புறம், பூங்கா நுழைவுச்சீட்டு பெரும்பாலான சுற்றுலாக் கட்டணத்தில் சேராது. தனியாக எடுக்க வேண்டும்.

பனிப்பாலம் உடைவதைப் பார்க்கத் தேதி குறிப்பது

பனியாறு சில சமயம் எதிர்க்கரையைத் தொட்டு ஏரியை அடைத்துவிடும், தண்ணீர் அதைக் குடைந்து பாலமாக்கும், கடைசியில் அந்தப் பாலம் இடிந்து விழும். அதற்குத் தேதி குறிப்பது நடக்காது. 2016-இல் பகலில் உடைந்தது. 2018-இல் இரவில், ஊர் தூங்கும்போது உடைந்தது.

அப்பா அம்மாவுக்கும் சேர்த்துப் பனிநடைச் சீட்டு வாங்குவது

காலில் முள்தகடு கட்டிக்கொண்டு பனியாற்றின் மேலேயே நடக்கிற மினிட்ரெக்கிங்குக்கு வயது வரம்பு 8 முதல் 65. நீண்ட நடையான பிக் ஐஸுக்கு 18 முதல் 50. 'அப்பா தினமும் மெரினாவில் ஏழு கிலோமீட்டர் நடப்பார்' என்பது பனிநடைக்குப் படகேற்றும் துறையில் எடுபடாது. பெரியவர்களுக்கு நடைபாதையும், முகப்புக்கு எதிரே போகிற படகுப் பயணமும் நல்லது. நடைபாதையில் சக்கர நாற்காலி போகிற பகுதியும் உண்டு. பனிநடைக்குப் போகிறவர்கள் மதியச் சாப்பாட்டைக் கையில் எடுத்துப் போக வேண்டும், அங்கே கடை கிடையாது.

'பக்கத்தில்தானே' என்று சிலிக்குப் போவது

டோரெஸ் தெல் பைனே பூங்கா வேறு நாட்டில் இருக்கிறது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்கள் இரண்டு நாட்டு விசா விதிகளையும் கிளம்பும் முன்பே பார்க்க வேண்டும். முக்கியமாக, அர்ஜென்டினா விசா ஒரே ஒரு நுழைவுக்கானதா என்று. வெளியே போனால் திரும்பி வர வேண்டுமே. பையில் பழம், தேன், விதை இருந்தால் சிலி எல்லையில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அபராதம் கடுமை.

புவனோஸ் அயர்ஸில் மூன்று மணி நேர இடைவெளி

வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் வந்திறங்குவது எசெய்சா விமான நிலையத்தில். கலாஃபாத்தே விமானங்களில் பெரும்பாலானவை கிளம்புவது ஆற்றங்கரையில் இருக்கும் இன்னொரு விமான நிலையமான ஏரோபார்க்கேயிலிருந்து. இரண்டுக்கும் நடுவில் முழு நகரமும் அதன் போக்குவரத்து நெரிசலும் இருக்கின்றன. தனித்தனி டிக்கெட் என்றால், தவறவிட்ட விமானத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். போகும்போது ஓர் இரவு, வரும்போது ஓர் இரவு புவனோஸ் அயர்ஸில் போட்டுவிடுங்கள். உள்நாட்டு டிக்கெட்டில் பெட்டிக்கு எத்தனை கிலோ என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள், சில மலிவு டிக்கெட்டுகளில் கைப்பை மட்டும்தான்.