பூங்காவுக்கும் குளத்துக்கும் அரசுப் பணம் வாங்கும் வழி

ஊராட்சி ஒன்றியத்தில் வேலைகளை அளந்து மதிப்பீடு போடும் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இன்னமும் யாராவது மனுவோடு வந்துவிடுகிறார்கள். "சார், எங்க ஊர்க் குளத்தைத் தூர் வாரணும், எந்த ஃபண்டுல கேட்கலாம்?" என்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: குளம் யார் கையில் இருக்கிறது?

இதற்குப் பதில் தெரியாமல் நிதியைப் பற்றிப் பேசுவது வீண். தாலுகா அலுவலகத்திலோ வருவாய்த் துறையின் இணைய சேவையிலோ அந்தப் புல எண்ணுக்கு (சர்வே எண்) 'அ' பதிவேட்டை, அதாவது நிலம் என்ன வகை, யாருடையது என்று சொல்லும் பதிவேட்டை, பாருங்கள். ஏரியின் ஆயக்கட்டு (அதன் தண்ணீரில் பாசனம் பெறும் நிலம்) 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் என்றால் நீர்வளத் துறை. அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். ஊருணியும் குட்டையும் பெரும்பாலும் ஊராட்சியிடமே இருக்கும். இடம் மாறிக் கொடுத்த மனு 'உரிய துறைக்கு அனுப்பப்பட்டது' என்ற பதிலோடு தூங்கப் போய்விடும்.

பதிவேட்டில் குளம் என்று இருந்தால் அங்கே விளையாட்டுத் திடல் கேட்காதீர்கள். வற்றிக் கிடக்கும் குளத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவதைப் பார்த்து ஆசை வரும், தெரியும். ஆனால் நீர்நிலைப் புறம்போக்கில் சுவரும் மேடையும் கட்டினால் அது ஆக்கிரமிப்பு வழக்கில்தான் முடியும். திடலுக்கு வேறு புறம்போக்கைத் தேடுங்கள்.

நகர்ப் பகுதியில் இருப்பவர்கள் தங்கள் மனைப்பிரிவின் அங்கீகார வரைபடத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவுகளில் சாலை போக மீதமுள்ள பரப்பில் 10 சதவீதத்தைப் பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று வில்லங்கம் போட்டுப் பாருங்கள். இடம் இன்னும் மனை விற்றவர் பேரிலேயே இருந்தால், அதில் ஒரு ஊஞ்சல் நடக்கூட அரசுப் பணம் வராது. முதலில் பத்திரம், பிறகு பூங்கா.

இனி பணம். பொதுமக்கள் நேரடியாகக் கேட்பதற்கென்றே இருப்பது நமக்கு நாமே திட்டம். 1997-98-ல் வந்து, 2021-22-ல் மறுபடி உயிர் பெற்றது. மதிப்பீட்டில் பொதுவாகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும், மீதி அரசு. பூங்காவுக்கு 9 லட்சம் ரூபாய் எஸ்டிமேட் என்றால் உங்கள் பங்கு 3 லட்சம். இதை வீடு வீடாக வசூலித்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. தனி ஆளோ, சங்கமோ, நிறுவனமோ தரலாம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவின்கீழ் வரும் கம்பெனி பக்கத்தில் இருந்தால், அவர்களுடைய சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்டுப் பாருங்கள். மனு போடும் முன் இந்த ஆண்டு ஒதுக்கீட்டில் மிச்சம் இருக்கிறதா என்று ஒன்றிய அலுவலகத்திலோ நகராட்சியிலோ விசாரியுங்கள். நிதியாண்டின் கடைசியில் போய் நின்றால் சிரித்து அனுப்பிவிடுவார்கள்.

இன்னொரு வழி சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதி. 2019-20-லிருந்து எம்.எல்.ஏ.வுக்கு ஆண்டுக்கு 3 கோடி என்று உயர்த்தினார்கள். எம்.பி.க்கு 5 கோடி. மக்கள் பங்கு தேவையில்லை. அதனாலேயே கூட்டம் அதிகம். இங்கே வெறும் கோரிக்கை எடுபடாது. இடத்தின் ஆவணமும் தோராய மதிப்பீடும் கையில் இருந்தால் உங்கள் காகிதம் மேலே வரும். கோயில், மசூதி, தேவாலய வளாகத்துக்குள் வரும் வேலை எம்.பி. நிதியில் நடக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஊராட்சி என்றால் கிராம சபைத் தீர்மானம் பெரிய பலம். முன்பு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என நான்கு நாள்தான் சபை கூடும். பிறகு மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்தார்கள். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் கோரம், அதாவது கூட்டம் செல்ல வந்திருக்க வேண்டியவர்கள், 100 பேர். ஆள் திரட்டுவதைவிட முக்கியம் வாசகம். 'குளத்தைத் தூர் வார வேண்டும்' என்று எழுதினால் அது வெறும் ஆசை. 'புல எண் இன்னது, பரப்பு இவ்வளவு. வடக்கு வரத்துக்கால் 300 மீட்டர் தூர் எடுத்தல், கலுங்கு பழுது நீக்குதல், கரையில் பனை விதை நடுதல்' என்று எழுதுங்கள். (வரத்துக்கால் என்பது குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்; கலுங்கு என்பது மிகுதித் தண்ணீர் வெளியேறும் வழி.) இதை வைத்துக்கொண்டு ஓவர்சியர் நேராக எஸ்டிமேட் போட உட்காரலாம்.

எஸ்டிமேட் போடும் நாளில் கட்டாயம் கூட இருங்கள். எங்கள் வர்க்கத்தின் ரகசியம் ஒன்றைச் சொல்கிறேன்: அளக்கச் சுலபமான வேலைதான் எங்களுக்குப் பிடிக்கும். பேவர் பிளாக் நடைபாதை என்றால் நீளம், அகலம், முடிந்தது. வரத்துக்கால் அப்படியில்லை. முள்ளுக்குள் நடக்க வேண்டும், வழியில் யாராவது வரப்பைத் தள்ளிப் போட்டிருப்பார், சர்வேயரைக் கூப்பிட வேண்டும், சண்டை வரும். அதனால் குளத்தைச் சுற்றி நடைபாதை, கம்பி வேலி, பெயர்ப்பலகை எல்லாம் வந்துவிடும். தண்ணீர் மட்டும் வராது. அதனால் டேப்பைப் பிடித்துக்கொண்டு ஓவர்சியரை முதலில் வரத்துக்காலுக்கு நடத்திக் கூட்டிப் போங்கள். எங்கே அடைபட்டிருக்கிறதோ அங்கே நிறுத்திக் காட்டுங்கள். கரையை நாலு பக்கமும் கான்கிரீட் சுவராக்கும் யோசனை வந்தால் மறுத்துவிடுங்கள். ஆடு மாடு இறங்க ஒரு சரிவு வேண்டும், வெள்ளம் உள்ளே வர ஒரு வழி வேண்டும்.

அதன்பிறகு நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், வேலை உத்தரவு என்று கோப்பு தானாக நகரும், அல்லது நகராது. நமக்கு நாமே திட்டத்தில் செலவில் பாதியோ அதற்கு மேலோ நீங்கள் தருவதாக இருந்தால், வேலையை நாங்களே செய்கிறோம் என்று மனுவிலேயே கேளுங்கள். கோப்பு நின்றுபோனால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு இரண்டு கேள்வி மட்டும் போடுங்கள்: கோப்பு இப்போது யாரிடம் இருக்கிறது, அனுமதிக்கப்பட்ட மதிப்பீட்டின் நகல் தருக. 30 நாளில் பதில் தர வேண்டும். பக்கம் பக்கமாகக் கேட்டால் பதிலும் அப்படியே குழப்பமாக வரும்.

வேலை நடக்கும்போது அந்த மதிப்பீட்டு நகல் உங்கள் கையில் இருக்கட்டும். பில் போடும் முன், முடிந்த வேலையை அளந்து அளவுப் புத்தகத்தில் எழுத வருவார்கள். அன்றைக்கும் டேப்பின் மறுமுனையை நீங்களே பிடியுங்கள். பூங்கா என்றால் தண்ணீர் மோட்டார், விளக்கு இரண்டின் மின் இணைப்பும் யார் பேரில், மாதாமாதம் பில் கட்டுவது யார் என்பதைத் திறப்பு விழாவுக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். விழா முடிந்த மறுநாள் கேட்டால் யாரும் போனை எடுக்க மாட்டார்கள்.