கம்பெனிக் கோழிக்குக் கையெழுத்துப் போடும் முன்

மழை பெய்து கண்மாய் நிறைந்தால் ஒரு போகம் நெல், இல்லாவிட்டால் அதுவும் இல்லை. இப்படிக் காலம் தள்ளும் செட்டிநாட்டுச் சிறு விவசாயிக்கு, “குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் எங்களுது, வளர்த்துக் கொடுத்தால் கூலி” என்ற கோழிக் கம்பெனியின் பேச்சு இனிக்கத்தான் செய்யும். கறிக்கோழி விலை விழுந்தாலும் பேசிய கூலி வரும் என்பதும் பொய்யில்லை. இப்படிக் கம்பெனிக்கு வளர்த்துக் கொடுக்கும் ஒப்பந்தப் பண்ணையத்தை மொத்தமாகத் திட்டுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பெரும்பாலோர் சறுக்குவது முதல் கேள்வியிலேயே. “கிலோவுக்கு எவ்வளவு?” என்று மட்டும் கேட்கிறார்கள். 5,000 குஞ்சு இறக்கி, 4,750 தேறி, சராசரி 2 கிலோ வந்தால் 9,500 கிலோ. கூலி கிலோவுக்கு 6.50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 61,750 ரூபாய். உமி, குஞ்சுக்குச் சூடு காட்டக் கரி, கரண்ட், ஆள்கூலி, ஷெட்டுக் கடன் தவணை எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும். சரி, குஞ்சு இறக்கிக் கோழி ஏற்றும் இந்த ஒரு சுற்றுதான் பேட்ச்; வருஷத்துக்கு எத்தனை பேட்ச்? ஆறு என்று வாயால் சொல்வார்கள், தாளில் இருக்காது. சந்தை மந்தமானால் குஞ்சு வராது. நாலோடு நின்றால் 1,23,500 ரூபாய் போச்சு. வங்கித் தவணை மட்டும் நிற்காது. நமக்கில்லை என்று நினைத்த விலைச் சரிவு இப்படிச் சுற்றிக்கொண்டு வந்து நம் தலையில்தான் விழுகிறது. எனவே வருஷத்துக்குக் குறைந்தது எத்தனை பேட்ச், ஷெட்டு காலியாகக் கிடந்தால் என்ன தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால், கடன் வாங்கிப் பெரிய ஷெட்டுப் போடாதீர்கள்.

அடுத்தது தீவன எடை. ஒரு கிலோ உயிர் எடைக்கு 1.6 கிலோ தீவனம் என்று கணக்கு வைத்தால், மேற்சொன்ன பேட்ச்சுக்கு 15,200 கிலோ. 50 கிலோ மூட்டையில் 304. மூட்டைக்கு ஒரு கிலோ குறைந்திருந்தால்கூட, கோழி தின்னாத 304 கிலோ உங்கள் பேரில் ஏறி, கூலியில் பிடித்தமாகும். ராத்திரி வரும் லோடு என்று தூக்கக் கலக்கத்தில் கையெழுத்துப் போடுவதைவிட, நாலு மூட்டையை நிறுத்துப் பார்ப்பது மேல். கோழி ஏற்றும் அன்றும் எடை போடும் இடத்தில் வீட்டு ஆள் ஒருவர் நிற்க வேண்டும். கத்திரி வெயிலில் கோழி தீனி எடுக்காது, சாகவும் செய்யும்; அந்த மாதங்களுக்குத் தனிக் கணக்கு உண்டா என்று கேளுங்கள்.

வெற்றுச் செக்கும் நிரப்பாத பத்திரமும் கொடுக்கவே கூடாது. ஒப்பந்தத்தின் தமிழ் நகல் கையில் இல்லாமல் குஞ்சு இறக்குவதும் தவறு. ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்றே தமிழ்நாடு 2019-இல் தனிச் சட்டம் இயற்றியது. கால்நடையும் அதில் அடக்கம். 2021-இல் திரும்பப் பெறப்பட்டவை ஒன்றிய அரசின் 2020 வேளாண் சட்டங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு “சட்டமே போயிருச்சே” என்பவர்கள் நிறைய. வளர்க்கிறவரிடமே டெபாசிட் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஈமு கோழிக் கம்பெனிகளிடம் டெபாசிட் கட்டியவர்கள் 2012-இல் பட்டபாடு போதும்.

மரப்பயிருக்கும் இதே எச்சரிக்கைதான். தைலமரம் நட்டால் நாலைந்து வருஷம் நிலம் கட்டுப்படும். நடுவில் கல்யாணச் செலவோ ஆஸ்பத்திரிச் செலவோ வந்தால் கையில் காசு இருக்காது. உள்ள நிலம் முழுவதையும் கொடுக்காமல், சாப்பாட்டு நெல்லுக்கும் ஆட்டு மேய்ச்சலுக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பட்டாக்காரர் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார், உழைப்பவர் விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கோ குத்தகைக்கோ பார்ப்பார். கம்பெனி கேட்பது பட்டா. பணம் பட்டாக்காரர் கணக்கில் விழ, குஞ்சு செத்தால் பதில் சொல்வது மட்டும் குத்தகைக்காரர் என்றாகிவிடும். ஷெட்டுப் போடும் முன்பே, குத்தகை எத்தனை வருஷம், கூலி யார் கணக்கில், பாதியில் நிலத்தைக் கேட்டால் ஷெட்டுக்கு என்ன ஈடு என்று இருவரும் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ள வேண்டும். ராப்பகலாய்க் குஞ்சு பார்ப்பது வீட்டுப் பெண்கள் என்றால், கூலி வரும் வங்கிக் கணக்கில் அவர்கள் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.