செகண்ட் ஹேண்ட் டர்போ வண்டி: ஃப்யூயல் பம்ப் மாத்துறதுக்கு முன்னாடி நடக்குற தப்புங்க

பாண்டி, கடலூர் பக்கம் இப்போ செகண்ட் ஹேண்ட்ல டர்போ பெட்ரோல் வண்டி நிறைய கைமாறுது, போலோ டிஎஸ்ஐ, வென்யூ டர்போ, நெக்ஸான் பெட்ரோல்னு. வாங்கின கொஞ்ச நாள்ல மிதிச்சா இழுக்கல, ஓவர்டேக் பண்ணும்போது திணறுதுன்னு ஆரம்பிச்சா போதும், யாராவது ஒருத்தர் "ஃப்யூயல் பம்ப் (பெட்ரோல எஞ்சினுக்கு தள்ளுறது) வீக்கா இருக்கும், மாத்திடுங்க"ன்னு சொல்லிடுவாங்க. சொல்றவருக்கு என்ன, பம்ப் டேங்குக்குள்ள கிடக்கு, யாருக்கும் தெரியப் போறதில்ல, மாத்தின பிறகும் அதே பிரச்சனைன்னா "அதுவும் போயிருந்துச்சு சார், இது வேற"ன்னு அடுத்த பில்ல போடலாம்.

முதல் தப்பே எந்த பம்ப்னு கேக்காம தலையாட்டுறது. நெக்ஸான் 1.2 டர்போ பெட்ரோல் மாதிரி எம்பிஎஃப்ஐ (சிலிண்டருக்கு வெளிய, காத்து போற வழில பெட்ரோல் அடிக்குற) வண்டில டேங்குக்குள்ள இருக்குற கரண்ட் பம்ப் ஒண்ணு மட்டும்தான். போலோ டிஎஸ்ஐ, வென்யூ டர்போ எல்லாம் டைரக்ட் இன்ஜெக்‌ஷன், அதாவது பெட்ரோல நேரா சிலிண்டருக்குள்ளயே அடிக்கும், அதுல டேங்க் பம்ப் சில பார் (அழுத்தத்தோட அளவு) பிரஷர்ல முன்னாடி அனுப்பும், எஞ்சின் மேல கேம் ஷாஃப்ட் ஓட்டுற ஹை பிரஷர் பம்ப் அத நூறு பாருக்கு மேல ஏத்தி இன்ஜெக்டருக்கு கொடுக்கும். ரெண்டுக்கும் விலைல மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதனால எஸ்டிமேட்ல சும்மா "ஃப்யூயல் பம்ப்"னு எழுதியிருந்தா அது எதுன்னு கேட்டுட்டு மேல பேசுங்க. (டீசல் டர்போ தனிக் கதை, அத இங்க பேசல.)

அடுத்தது, இதுலதான் பாதி பேர் ஏமாறுறாங்க, வண்டிய ஐடில்ல நிக்க வச்சு கேஜ் மாட்டி "பிரஷர் கரெக்டா இருக்கே, பம்ப் நல்லா இருக்கு"ன்னு முடிவு பண்றது. டர்போ வண்டில ஐடில் ரீடிங்க வச்சு பம்ப்புக்கு நல்ல சர்டிஃபிகேட் கொடுக்கவே முடியாது. மேனிஃபோல்ட்ல (எஞ்சினுக்கு காத்து போற குழாய்) இருந்து ஹோஸ் போற ரெகுலேட்டர் (பெட்ரோல் பிரஷர கட்டுப்படுத்துறது) உள்ள வண்டிய எடுத்துக்கங்க, பேஸ் பிரஷர் 3 பார்னா ஐடில்ல மேனிஃபோல்ட் வாக்வத்துல இருக்குறதால கேஜ்ல இரண்டரை கிட்டதான் காட்டும், அதே வண்டி 1 பார் பூஸ்ட்ல (டர்போ திணிக்குற காத்தோட அழுத்தம்) ஓடும்போது 4 பார் வேணும், அந்த நேரத்துலதான் பெட்ரோலும் ரொம்ப அதிகமா தேவைப்படும். ஆக பம்ப் ரொம்ப கஷ்டப்படுற நேரமும் நீங்க அத டெஸ்ட் பண்ணாத நேரமும் ஒண்ணாவே இருக்கு. ஸ்கேனர (எஞ்சின் கம்ப்யூட்டர்ல இருக்குறத படிச்சுக் காட்டுறது) மாட்டிட்டு, பெட்ரோல் பிரஷர் சென்சார் இல்லாத வண்டின்னா கேஜ மாட்டிட்டு, ஓட்ட ஒருத்தர் ஸ்கிரீன பாக்க ஒருத்தர்னு ரெண்டு பேரா, திண்டிவனம் ரோட்டுல காலைல கூட்டம் இல்லாத நேரமா பாத்து, மூணாவது கியர்ல 2000 ஆர்பிஎம்ல இருந்து ஃபுல்லா மிதிச்சு 4500 வரைக்கும் ஒரு இழு இழுங்க. எஞ்சின் கேக்குற பிரஷர் மேல போகுது, கிடைக்குற பிரஷர் கீழ சரிஞ்சுட்டே வருதுன்னா சப்ளைல கோளாறு உண்மைதான். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டில அதே நேரம் டேங்க் பக்கத்து பிரஷரையும் பாருங்க, அது ஆடாம நின்னு ரெயில் (இன்ஜெக்டருக்கு பெட்ரோல் கொடுக்குற குழாய்) பிரஷர் மட்டும் விழுந்தா முன்னாடி இருக்குற ஹை பிரஷர் பம்ப் பக்கம் சந்தேகம், டேங்க் பக்கமே முதல்ல விழுந்தா பின்னாடி டேங்க் பம்ப் பக்கம் பாக்கணும்.

ஃப்யூயல் ட்ரிம்னு ஒண்ணு (எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோல எத்தன சதவீதம் கூட்டுது, குறைக்குதுன்னு) ஸ்கேனர்ல இருக்கும், அதயும் யாரும் பாக்குறதில்ல. ஐடில்ல ப்ளஸ் பதினஞ்சு காட்டி ஆர்பிஎம் ஏத்தினா இறங்கிடுதுன்னா எங்கயோ காத்து உறிஞ்சுது, பம்ப் மேல பழி வேணாம். ஐடில்ல நார்மல், லோடு ஏற ஏற ப்ளஸ்ல போகுதுன்னா பெட்ரோல் பத்தல, இல்ல ஏர்ஃப்ளோ சென்சார் அழுக்கு.

இன்னொண்ணு, ஸ்கேனர்ல பி0087ங்கற ஃபால்ட் கோடு வந்தா ரெயில் பிரஷர் கம்மின்னுதான் அர்த்தம், பம்ப் போச்சுன்னு அர்த்தம் இல்ல. பி0299 வந்தா பூஸ்ட்டே பத்தல, டர்போ ஹோஸ் கிளாம்ப் லூஸா, கிழிஞ்சிருக்கான்னு பாருங்க. கோடே இல்லாம பூஸ்ட் வரும்போது மட்டும் வெட்டி வெட்டி ஓடுதுன்னா நான் மொதல்ல ஸ்பார்க் ப்ளக்கும் காயிலும்தான் பாக்க சொல்லுவேன், டர்போல அழுத்தம் ஏறினா தேஞ்ச ப்ளக்ல தீப்பொறி தாண்டாது.

நம்ம ஊருக்குன்னு ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு உப்புக் காத்து. பம்ப் கனெக்டர், எர்த் பாயிண்ட் எல்லாம் பச்சை பச்சையா பூத்துப் போய் கிடக்கும், பேட்டரில 13.8 வோல்ட் இருக்கும், பம்ப் கனெக்டர்ல 11.5தான் வரும். அந்த பம்ப்ப கழட்டி புதுசு போட்டாலும் அதே 11.5ல அதுவும் சோம்பலாதான் ஓடும். பம்ப் வேகத்த தனி கன்ட்ரோலர் கூட்டிக் குறைக்காத வண்டின்னா, எஞ்சின் ஓடும்போது மல்டிமீட்டர் வச்சு ரெண்டு இடத்துலயும் பாத்து, அரை வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் வந்தா ரிலே, வயர், எர்த் இத சரி பண்ணிட்டு அப்புறம் பேசலாம். 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல் மழைல தண்ணி நின்ன ஏரியா வண்டின்னு சந்தேகம் இருந்தா பின் சீட்ட தூக்கி, பம்ப் மூடி மேல வண்டல் கோடு இருக்கான்னு கண்டிப்பா பாருங்க, அது விலை பேசும்போதும் உதவும்.

ரெண்டாவது முள்ளோடை (கடலூர்-பாண்டி பார்டர்) பழக்கம். பாண்டில பெட்ரோல் கம்மி விலைங்கறதால கடலூர்ல ரிசர்வ் லைட் எரிஞ்சாலும் பார்டர் தாண்டி போட்டுக்கலாம்னு ஓட்டுவாங்க, வருஷக்கணக்கா. டேங்க் பம்ப்புக்கு கூலிங்கே பெட்ரோல்தான், எப்பவும் அடிமட்டத்துல ஓட்டினா சூடாகி தேயும். பழைய ஓனர் கடலூர்ல இருந்து தினம் பாண்டி வேலைக்கு போய்ட்டு வந்தவர்னா இத நான் சாதாரணமா கேட்டே வச்சுப்பேன், அதுக்காக டெஸ்ட் பண்ணாம 80,000 கிலோமீட்டர் ஆச்சுன்னு நல்லா ஓடுற பம்ப்ப மாத்த சொல்ல மாட்டேன்.

காலைல செல்ஃப் ரொம்ப நேரம் அடிக்க வேண்டி இருந்தா ஒரு சின்ன வேலை: சாவிய ஆன் பண்ணி ரெண்டு செகண்ட் விட்டு ஆஃப், இப்படி ரெண்டு மூணு தடவ பண்ணிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. டக்குனு பிடிச்சா ராத்திரில பிரஷர் இறங்குது, பம்ப் செக் வால்வா (பெட்ரோல் திரும்ப டேங்குக்கு இறங்காம தடுக்குறது) இருக்கலாம், இன்ஜெக்டர் ஒழுகலாவும் இருக்கலாம். எஞ்சின் ஆயில்ல பெட்ரோல் வாசன, லெவலும் ஏறுதுன்னா ஹை பிரஷர் பம்ப் சீல் மேலயும் ஒரு கண் வைங்க.

எதிர் பக்க தப்பும் உண்டு. லோடுல பிரஷர் விழுதுன்னு கண்ணால பாத்த பிறகும் "சும்மா மெதுவா ஓட்டிக்கலாம்"னு மாசக்கணக்கா தள்ளுறது. சாதா எஞ்சின்ல பிக்கப் போகும் அவ்ளோதான், டர்போல பூஸ்ட் இருக்கும்போது பெட்ரோல் பத்தலன்னா நாக்கிங் (பெட்ரோல் நேரம் தப்பி தானா வெடிக்குறது) வந்து பிஸ்டனே போகும். அந்தக் கோளாற சரி பண்ற வரைக்கும் வண்டிய விரட்டாதீங்க.

மாத்துறதுன்னு ஆனா பாதி விலைக்கு கிடைக்குதுன்னு டூப்ளிகேட் வாங்காதீங்க, பெரிய பிராண்ட் பேர்லயே போலி நிறைய சுத்துது. ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டர் செட்டிங்க மாத்தி பவர் ஏத்துறது) பண்ணாத வண்டிக்கு "பெரிய பம்ப் போட்டா பவர் வரும்"னு சொன்னா அதுவும் காசுக்கு கேடு, எஞ்சின் தேவைக்கு மேல பெட்ரோல் எடுத்துக்காது. ஸ்ட்ரெய்னர் (பம்ப்போட வடிகட்டி), சீல் ரெண்டும் புதுசு போட சொல்லுங்க, பழைய பம்ப்ப கைல கேட்டு வாங்குங்க, டேங்க் பாதிக்கு கீழ இருக்கும்போது திறந்தா வேலை சுலபம். மாட்டின பிறகு ஃபுல் டேங்க் போட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்க, உள்ள லேசா பெட்ரோல் வாசன அடிச்சாலும் மூடி சீல் சரியா உக்காரல, அன்னைக்கே திரும்ப கொண்டு போய் திறக்க சொல்லுங்க.